சாண்டோரினியில் ஒரு குடும்ப ஒயின் கூடத்தைப் பார்ப்பது எப்படி

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவுக்குச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள ஒயினை மேற்குப் பக்கக் குன்றின் விளிம்பில் அமர்ந்து, கதிரவன் கடலில் இறங்குவதைப் பார்த்தபடி அருந்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஒயினைத் தரும் திராட்சைக் கொடிகளோ, தீவின் கிழக்கிலும் தெற்கிலும் கடலை நோக்கி மெல்லச் சரியும் வெளிர்சாம்பல் நிலத்தில், முழங்கால் உயரத்தைத் தாண்டாமல், பார்ப்பார் இன்றிக் கிடக்கின்றன. அசிர்திகோ என்னும், அத்தீவுக்கே உரிய வெள்ளைத் திராட்சையைப் பயிரிட்டு, தாமே பறித்து, தாமே பிழிந்து, தாமே புட்டியில் அடைக்கும் சிறு குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் ஒயின் கூடத்தில் அரை நாள் செலவிட நினைப்பவருக்கான வழிகாட்டி இது. முதலில் நிலம், அடுத்து நிலவறை, அதன் பின்னரே கோப்பை என்ற வரிசையை விடாமல் பின்பற்றினால், கோப்பையில் இருக்கும் புளிப்பும் உப்பும் எங்கிருந்து வந்தன என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். உடன் வருகிறவர் ஒருவர் மது அருந்தாதவராக இருந்தாலும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் கோப்பைக்கு வெளியேதான் இருக்கின்றன.

எப்போது போவது

தோட்டத்தின் ஆண்டுக் கணக்கு சுற்றுலாவின் ஆண்டுக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்து வேலை குளிர்காலத்தில், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையில் நடக்கிறது. கொடியை வளைத்துப் பின்னும் கைகளைப் பார்க்க வேண்டுமானால் அதுவே காலம். ஆனால் அப்போது விடுதிகளும் உணவகங்களும் பெரும்பகுதி மூடியிருக்கும், கப்பல்களும் குறைவு. அறுவடை ஆகஸ்ட் முதல் வாரங்களில், சில ஆண்டுகளில் ஜூலை இறுதியிலேயே, தொடங்கிவிடுகிறது. கிரேக்கத்தில் மிக முன்னதாக நடக்கும் அறுவடைகளில் இதுவும் ஒன்று. அதைக் காணும் ஆசை இயல்பானதே என்றாலும், ஆண்டின் வருமானம் முழுவதையும் சில நாள்களில் கூடைகளில் ஏற்றிக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் விருந்தோம்பலை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நிதானமாகப் பேச வேண்டுமானால் மே, ஜூன் மாதங்களும், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையிலான நாள்களுமே பொருத்தமானவை. மே மாதத்தில் கொடி பச்சைப் பசேலென்று இருக்கும். அக்டோபரில் புதிய சாறு நொதித்து முடிந்து, குடும்பத்தினர் மூச்சு விடத் தொடங்கியிருப்பார்கள்.

எந்த மாதமானாலும் காலை ஒன்பது, பத்து மணிக்கே போய்விடுவது நல்லது. கோடையில் நண்பகல் வெயிலில் அந்தச் சாம்பல் நிலத்தில் நிற்பது கடினம். மாலையில் போனால் கப்பல் பயணிகளின் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க நேரும். காலை வேளையில் நாக்கும் தெளிவாக இருக்கும்.

எந்தக் கூடத்தைத் தேர்ந்தெடுப்பது

குடும்பத்துக்குச் சொந்தமானது என்பதும் சிறியது என்பதும் வெவ்வேறு செய்திகள். எபிஸ்கோபியில் 1903இல் தொடங்கிய ஆர்கிரோஸ் கூடம் இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஆனால் தீவிலேயே பெரிய தனியார் தோட்டங்களுள் ஒன்று அவர்களுடையது, கட்டடமும் அதற்கேற்ப விரிவானது. மெகலோகோரி ஊரிலுள்ள கவலாஸ் குடும்பத்தின் கூடம் அளவில் சிறியது; மற்றவர்கள் கைவிட்ட கட்சானோ என்னும் அரிய வெள்ளைத் திராட்சையிலும் அவர்கள் ஒயின் செய்கிறார்கள். பிர்கோஸ் அருகே ஹட்சிதாகிஸ் கூடத்தை நிறுவிய ஹரிதிமோஸ் ஹட்சிதாகிஸ் 2017இல் மறைந்தபின் குடும்பத்தினர் தொடர்ந்து நடத்துகிறார்கள். அங்கே பீப்பாய்கள் மலைக்குள் குடைந்த அறையில் இருக்கின்றன. 1836இல் தொடங்கிய ரூசோஸ் கூடம் பழைய முற்றத்தோடு இன்னும் இயங்குகிறது. இவற்றைத் தவிர, பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத சிறு கூடங்களும் சிற்றூர்களில் உண்டு. தங்கும் விடுதியில் கேட்பதைவிட, பிர்கோஸ், மெகலோகோரி போன்ற ஊர்களின் சிறு உணவகங்களில் அங்கே ஊற்றித் தரும் ஒயின் யாருடையது என்று கேட்டால் நல்ல விடை கிடைக்கும்.

முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது. சிறு கூடத்தில் விருந்தினரை வரவேற்பவரும், வண்டி ஓட்டுபவரும், கணக்கு எழுதுபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சல் எழுதி, எத்தனை பேர் வருகிறோம், தோட்டத்தை நடந்து பார்க்க முடியுமா, நிலவறையைக் காட்டுவார்களா என்ற மூன்றையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். தோட்டம் காட்ட இயலாது, மாடியில் சுவைக்கும் தட்டு மட்டும் உண்டு என்று விடை வந்தால், நன்றி சொல்லி வேறு கூடத்துக்கு எழுதலாம். குன்றின் விளிம்பில் இருக்கும் கூடங்கள் காட்சிக்காகவே கட்டணத்தை உயர்த்துகின்றன. அங்கே ஒயின் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் கண் கடலிலேயே இருக்கும்.

கூடங்கள் வாங்கும் திராட்சையைப் பற்றியும் ஒரு சொல். சிறு கூடங்கள் பலவும் தம் தோட்டத்துப் பழத்தோடு அக்கம்பக்கத்து உழவர்களின் பழத்தையும் வாங்கியே ஒயின் செய்கின்றன. இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தின் நிலமே பல ஊர்களில் துண்டு துண்டாகக் கிடக்கும் தீவு அது. பல தலைமுறைகளாகத் திராட்சையைக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ உறவினருக்கோ கொடுத்துவந்தவர்களே அங்கு மிகுதி. யாருடைய பழம், எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால் தயங்காமல் சொல்கிற கூடமே நம்பத் தக்கது.

தோட்டத்தில் என்ன பார்ப்பது

இங்கேதான் மிகுதியான நேரத்தைச் செலவிட வேண்டும். முதலில் குனிந்து மண்ணைக் கையில் அள்ளுங்கள். ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பு அத்தீவின் நடுப்பகுதியைக் கடலில் ஆழ்த்தி, எஞ்சிய நிலத்தின் மீது சாம்பலையும் நுரைக்கல்லையும் பல மீட்டர் கனத்துக்குக் கொட்டியது. உள்ளூரில் அஸ்பா என்று சொல்லப்படும் அந்த அடுக்கே இன்றைய தோட்டங்களின் நிலம். கையில் எடுத்த நுரைக்கல் எடையே இல்லாததாகத் தோன்றும்; அதன் நுண்துளைகள் குளிர்கால மழையையும் இரவுநேரக் கடற்பனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையே இல்லாத நீண்ட கோடையில் வேருக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. மழை ஆண்டுக்கு 400 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். வழிவழியாக அங்கே கொடிக்கு நீர் பாய்ச்சும் வழக்கம் இல்லை. அண்மைக்கால வறட்சியால் சிலர் சொட்டுநீர்க் குழாய் போடத் தொடங்கியிருக்கிறார்கள். நீங்கள் பார்க்கப் போன குடும்பம் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று கேளுங்கள். அந்த விடையிலேயே அவர்களுடைய கவலைகள் பலவும் வெளிப்பட்டுவிடும்.

அந்த மண்ணில் களிமண் இல்லை என்பது இரண்டாவது செய்தி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி இத்தகைய மணலிலும் சாம்பலிலும் பிழைப்பதில்லை. உலகின் பெரும்பாலான ஒயின் நாடுகளில் ஐரோப்பியத் திராட்சையை, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மீது ஒட்டுக்கட்டியே வளர்க்கிறார்கள்; சாண்டோரினியிலோ கொடி தன் சொந்த வேரிலேயே நிற்கிறது. புதிய கொடி வேண்டுமானால் பக்கத்துக் கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போட்டு, அது வேர்விட்டபின் தாயிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். வரிசை சீராக இல்லாமல், கொடிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கொடியையே பாருங்கள். பந்தல் இல்லை, கம்பி இல்லை, ஊன்றுகோலும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் கவாத்தின்போது நீளமான சில கிளைகளை மட்டும் விட்டுவைத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமாகச் சுற்றி, தரையோடு தரையாக ஒரு கூடையாகப் பின்னிவிடுகிறார்கள். குலூரா என்பது அதற்குப் பெயர். இலைகள் வெளிப்புறமும் மேற்புறமும் தழைக்க, குலைகள் கூடையின் உட்புறத்தில் தொங்குகின்றன. கோடையில் வடக்கிலிருந்து வாரக்கணக்கில் வீசும் மெல்தெமி காற்று, நுரைக்கல் துகளை வாரியடித்துப் பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிடக் கூடியது. அதற்கான தடுப்பே இந்தக் கூடை. கடும் வெயிலிலிருந்து குலையை மறைப்பதும், விடியற்காலைப் பனி ஈரத்தை உள்ளே பிடித்துவைப்பதும் அதன் மற்ற வேலைகள். கிளைகளை வளையமாகத் திருப்பிக் கட்டும் வேறொரு முறையும் உண்டு; தோட்டத்தில் இரண்டும் கலந்திருந்தால் எது எங்கே, எதற்காக என்று காட்டச் சொல்லுங்கள்.

கொடியின் வயதைப் பற்றிய பேச்சில் சற்று எச்சரிக்கை தேவை. இருநூறு, முந்நூறு, நானூறு ஆண்டுகள் என்று எண்கள் காற்றில் பறக்கும். கண்ணில் படும் தண்டுக்கு அவ்வளவு வயது இருக்காது. கூடையாகச் சுற்றிச் சுற்றி முதிர்ந்து விளைச்சல் குன்றிய தண்டை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்தபின், தரைமட்டத்தில் வெட்டி எறிந்துவிட்டு, அதே வேரிலிருந்து எழும் புதுத் தளிரைக் கொண்டு புதிய கூடையைத் தொடங்குகிறார்கள். இப்படிப் பலமுறை புதுப்பிக்கப்பட்ட வேர் மிகப் பழமையானதாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆகவே எத்தனை வயது என்று கேட்பதைவிட, இந்த வேரில் இது எத்தனையாவது கூடை, கடைசியாக வெட்டியது யார் என்று கேட்பது பயனுள்ளது. தாத்தா வெட்டினார் என்ற விடை, நானூறு ஆண்டு என்ற விடையைவிட எனக்கு நம்பத் தக்கதாகப் படுகிறது.

இந்த முறைக்கு உள்ள விலையையும் நிலத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். கொடிக்கும் கொடிக்கும் நடுவே இரண்டு மீட்டருக்குக் குறையாத இடைவெளி. எந்திரம் நுழைய வழியில்லை. கவாத்தும் அறுவடையும் இடுப்பு வளைத்துக் கையால் செய்ய வேண்டியவை. விளைச்சலோ மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம், வறண்ட ஆண்டுகளில் அதிலும் பாதி. மறுபுறம், அதே நிலத்தில் விடுதி கட்டினால் கிடைக்கும் வருமானம் எந்த உழவருக்கும் தெரியும். கிரேக்கத்திலேயே மிக உயர்ந்த விலை சாண்டோரினித் திராட்சைக்குத்தான் என்றாலும், கூடை பின்னத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. இந்தப் பேச்சைக் குடும்பத்தார் தாமே எடுத்தால் கேளுங்கள்; நீங்களாகத் துருவ வேண்டாம்.

பின்னிய கூடையின் மேல் காலை வைக்காதீர்கள், படம் எடுப்பதற்காக இலைகளை விலக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன். மூடிய காலணி அணிந்து செல்லுங்கள்; நுரைக்கல் செருப்புக்குள் புகுந்துகொண்டால் நடை வேதனையாகிவிடும்.

நிலவறையில்

பழைய குடும்பக் கூடங்களை அங்கே கனாவா என்பார்கள். அஸ்பா அடுக்கைக் குடைந்து, கமான் வடிவ மேற்கூரையோடு அமைத்த அறை அது. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சி குறையாது. வாயிலருகே திராட்சையைக் காலால் மிதித்த கல்தொட்டியும், சாறு இறங்கிச் சேரும் குழியும் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது அவை பெரும்பாலும் காட்சிக்கு மட்டுமே. வேலை நடப்பது துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில்.

இங்கே நான்கைந்து கேள்விகள் போதும். எந்த நாளில் பறிக்கத் தொடங்கினீர்கள், அதை எப்படி முடிவு செய்தீர்கள் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். அசிர்திகோ நன்கு கனிந்து சர்க்கரை ஏறிய பிறகும் புளிப்பை விட்டுக்கொடுக்காத பழம்; சூடான நாட்டில் விளையும் வெள்ளைத் திராட்சைக்கு இது அரிய குணம். 13 முதல் 14.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தும் ஒயின் கூர்மையாக நிற்பது இதனால்தான். ஆனாலும் ஆகஸ்ட் வெப்பத்தில் சில நாள் பிந்தினால் சர்க்கரை எகிறிவிடும் என்பதால், ஒரு சிறு குடும்பத்தின் ஆண்டு முழுவதுமே அந்தத் தேதியில் அடங்கியிருக்கிறது. அடுத்து, நொதித்தலுக்குக் கடையில் வாங்கிய ஈஸ்ட்டா, தோட்டத்திலிருந்து வந்ததா என்று கேளுங்கள். நொதித்து முடிந்தபின் ஒயினை அடியில் படிந்த ஈஸ்ட் மண்டியோடு எத்தனை மாதம் விடுகிறார்கள் என்பது அதைவிட முக்கியம்: மண்டியோடு இருந்த ஒயின் நாவில் கனமாக அமரும், கூர்மை சற்று உருண்டு வரும். மரப்பீப்பாய் பயன்படுத்துகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அசிர்திகோ காற்றுப் பட்டால் எளிதில் நிறம் மாறிப் பழுதாகும் இயல்புடையது. ஆகவே பிழியும்போதும் மாற்றும்போதும் காற்றிலிருந்து எப்படிக் காக்கிறீர்கள் என்று கேட்டால், தொழில் தெரிந்தவர் முகம் மலரும்.

சுவைக்கும் வரிசை

பெரும்பாலான கூடங்கள் நான்கு முதல் ஆறு வகை ஒயின்களைச் சிறிதளவாக ஊற்றித் தருகின்றன. எஃகுத் தொட்டியில் செய்த இளம் அசிர்திகோவில் தொடங்கி, முதிர்ந்த கொடியிலிருந்தோ ஒரே ஊரின் பழத்திலிருந்தோ செய்தது, பிறகு பீப்பாயில் இருந்தது, அதன்பின் நிக்தேரி என்னும் பழைய பாணி ஒயின், சிவப்பு ஒயின் இருந்தால் அது, கடைசியாக இனிப்பு வின்சான்டோ என்ற வரிசையே சரி. இனிப்பை இடையில் சுவைத்துவிட்டால், அதன்பின் வருவன எல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும்.

முதல் கோப்பையில் மணத்தைத் தேடி ஏமாற வேண்டாம். மல்லிகையும் மாம்பழமுமாக வந்து விழும் வகையைச் சேர்ந்ததன்று அசிர்திகோ. எலுமிச்சைத் தோல், ஈரக் கல், சில வேளை இலேசான புகை, அவ்வளவே. இதன் பேச்சு எல்லாம் நாக்கில்தான். ஒரு மிடறு எடுத்து வாயில் சற்று நேரம் வைத்திருந்து விழுங்கியபின் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். நாவின் இருபுறமும் ஊறும் உமிழ்நீர் புளிப்பின் அளவைச் சொல்லும். ஈறுகளில் இலேசாகப் பிடிக்கும் துவர்ப்பு, வெள்ளை ஒயினில் எதிர்பாராதது என்றாலும், இங்கே இயல்பு. விழுங்கி அரை நிமிடம் கழித்தும் உதட்டில் உப்புப் போன்ற ஒன்று எஞ்சியிருக்கும். கடற்காற்று குலையின் மேல் உப்பைப் படியவைப்பதால் அது வருகிறது என்று சொல்வோரும் உண்டு, மண்ணைக் காரணம் காட்டுவோரும் உண்டு. குடும்பத்தாரிடம் கேட்டால் மேசையில் விவாதம் மூளும், கேட்க இன்பமாக இருக்கும்.

ஒயின் பல்லில் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் கோப்பையை உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்திருங்கள். 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் அது வாய் திறக்கும். பீப்பாயில் இருந்த வகைக்கு அகன்ற கோப்பை கேட்பதில் தவறில்லை.

நிக்தேரி அத்தீவின் பழைய பாணி. நன்கு முற்றிய பழத்தைப் பறித்த இரவிலேயே பிழிந்து, பீப்பாயில் வைப்பது வழக்கம். ஆல்கஹால் குறைந்தது 13.5 சதவீதம் இருக்க வேண்டும். கனமான ஒயின் என்பதால் வெறும் வயிற்றில் சுவைக்க வேண்டாம். வின்சான்டோவுக்கோ, பறித்த குலைகளைத் திறந்தவெளியில் ஒன்று முதல் இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, சுருங்கிய பழத்தைப் பிழிந்து, மெதுவாக நொதிக்கவிட்டு, குறைந்தது 24 மாதம் ஓக் பீப்பாயில் வைக்கிறார்கள். பாதிக்கு மேல் அசிர்திகோவாக இருக்க வேண்டும் என்பது விதி; எஞ்சியது பெரும்பாலும் மணத்துக்குப் பெயர்போன ஐதானி, மென்மையான அதிரி என்னும் வெள்ளைத் திராட்சைகள். அத்திப்பழம், உலர்திராட்சை, காப்பி ஆகியவற்றின் மணம் கலந்த பழுப்பு நிற இனிப்பு அது. எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் திகட்டாமல் காப்பது அசிர்திகோவின் புளிப்பே. 19ஆம் நூற்றாண்டில் இது உருசியாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. அங்குள்ள வைதிக (ஆர்த்தடாக்ஸ்) கிறித்தவத் திருச்சபையின் வழிபாட்டிலும் அதற்கு இடமிருந்தது. 1917 புரட்சியோடு அந்த வணிகம் அறுந்தது.

இடையிடையே துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்பவே செய்கிறார்கள். தீவின் சாலைகள் குறுகலானவை, வளைவு மிகுந்தவை. கிரேக்கச் சட்டப்படி வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமும், இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு 0.2 கிராமுமே ஆல்கஹால் வரம்பு. சில சுவைப்புகளிலேயே அதைத் தொட்டுவிடலாம். தீவின் தலைநகரான ஃபிராவிலிருந்து ஊர்களுக்குப் பேருந்து உண்டு. திரும்புவதற்கு வாடகை வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தீவில் அவை மிகக் குறைவு.

உடன் சாப்பிடத் தருவதை மறுக்காதீர்கள். ஃபாவா என்னும் மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயத் துண்டும் ஊறிய கேப்பர் மொட்டும் தூவித் தருவார்கள். நீர் காணாமல் விளைந்த சிறு தக்காளியும் தட்டில் இருக்கும். இரண்டும் அதே சாம்பல் நிலத்தில் விளைந்தவை. சைவ உணவுக்காரர் முழு வயிறும் நிறையச் சாப்பிடலாம்.

புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பது

கடையில் அசிர்திகோ என்று எழுதிய புட்டிகள் பல விலைகளில் கிடைக்கும். எல்லாம் சாண்டோரினியில் விளைந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. இந்தத் திராட்சை இன்று கிரேக்கப் பெருநிலத்தின் பல பகுதிகளிலும், கிரீட் தீவிலும் விளைகிறது. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ஜிம் பேரி நிறுவனம் சாண்டோரினியிலிருந்து கொண்டுசென்ற கொடித்துண்டுகளிலிருந்து தோட்டம் எழுப்பி, 2016 அறுவடையிலிருந்து விற்றுவருகிறது. அங்கெல்லாம் கொடி கம்பியில் நிமிர்ந்து நிற்கிறது, விளைச்சலும் கூடுதல். ஒயின் பழச்சுவை மிகுந்து, மென்மையாக, விலை குறைவாக இருக்கும். அன்றாடம் குடிக்க அது போதுமானது. தீவின் ஒயின்தான் வேண்டுமானால், சீட்டில் சாண்டோரினி என்ற ஊர்ப்பெயரே பெரிதாக இருக்க வேண்டும். அத்தோடு பிறப்பிடப் பாதுகாப்பைக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகளும் இருக்க வேண்டும். இரண்டு தூண்களின் மேல் ஓர் உத்தரம் வைத்தது போன்ற எழுத்து, நடுவில் ஒரு வட்டம், மீண்டும் அதே தூண் எழுத்து: கிரேக்கம் படிக்கத் தெரியாதவரும் இதைக் கண்டுகொள்ளலாம். சாண்டோரினிக்கு அந்தத் தகுதி 1971இலேயே வழங்கப்பட்டது. தீவின் சிவப்புத் திராட்சையான மவ்ரோத்ரகானோவிலிருந்து செய்த ஒயினில் அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் ஐயப்பட வேண்டாம். அந்தப் பிறப்பிடப் பெயர் வெள்ளைக்கும் வின்சான்டோவுக்கும் மட்டுமே உரியது.

வாங்குவதும் கொண்டுவருவதும்

சுவைத்து முடித்தபின் ஒரு புட்டியாவது வாங்குவது நாகரிகம். சிறு கூடத்துக்குச் சுவைப்புக் கட்டணத்தைவிட நேரடி விற்பனையே பெரிய துணை; உணவகத்தில் தரும் விலையோடு ஒப்பிட்டால் உங்களுக்கும் மிச்சம். வெளிநாட்டு அங்காடிகளில் கிடைக்கும் பெருங்கூடப் புட்டிகளை விட்டுவிட்டு, அந்தக் கூடத்தில் மட்டுமே கிடைக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டு பழையது இருக்கிறதா என்றும் கேளுங்கள். நல்ல அசிர்திகோ ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை புட்டியில் முதிர்ந்து தேன் மணம் பெறக்கூடியது, பலரும் அதை அறியாமல் பச்சையாகவே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

இந்தியாவுக்குத் திரும்புகிற ஒருவர் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். சாதாரணப் புட்டி 750 மில்லி. மூன்று வாங்கினால் 2.25 லிட்டராகி வரம்பைத் தாண்டிவிடும். வின்சான்டோவைப் பலர் 500 மில்லிப் புட்டியில் அடைக்கிறார்கள் என்பதால், இரண்டு அசிர்திகோவும் ஒரு வின்சான்டோவும் சேர்ந்தால் கணக்கு மிகச் சரியாக 2 லிட்டருக்கு வந்து நிற்கும். அவற்றைத் துணிகளுக்கு நடுவே தனித்தனியாகச் சுற்றி, பதிவு செய்யும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பறிபோகும், விமான நிலையக் கடையில் வாங்கிய பொட்டலமும் இடைநிற்கும் நிலையத்தில் சிக்கலாகலாம்.

வீட்டுக்கு வந்தபின் சமையலறை அலமாரியில் வைக்க வேண்டாம். சென்னை, மதுரை வெயிலில் சில வாரங்களிலேயே ஒயின் வெந்த சுவை கொண்டுவிடும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்கவைப்பதே நமக்குள்ள எளிய வழி. குளிர்ச்சியில் புட்டியின் அடியில் வெண்ணிறப் படிகங்கள் படிந்தால் அஞ்ச வேண்டாம், அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கற்றது. திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். எண்ணெயில் பொரித்த வஞ்சிரம், நெத்திலி, மிளகு தூவிய இறால் ஆகியவற்றோடு இதன் புளிப்பு நன்றாகச் சேரும். வரமிளகாய்க் காரம் ஏறிய குழம்போடு வைத்தால் ஆல்கஹாலும் காரமும் ஒன்றையொன்று தூண்டி நாக்கை எரிக்கும், இரண்டின் சுவையும் கெடும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை: அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்த அசிர்திகோ பல வேளைகளில் மறுநாள்தான் முழுமையாகத் திறந்துகொள்கிறது, திறந்த வின்சான்டோ சில வாரங்கள் தாங்கும்.